மூத்தார் திறந்த மைக்

எங்கள் வீட்டு அலமாரியில், மடித்து வைத்த துண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிக்ஸர் இருக்கிறது. சட்னி அரைக்கிற மிக்ஸி இல்லை. பாட்டுச் சத்தத்தைக் கலந்து கைப்பேசிக்கு அனுப்புகிற மிக்ஸர். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் ஒரு பெரிய குமிழ், சுற்றிலும் சின்னக் குமிழ்கள், ஓரங்களில் வயர் செருகும் துளைகள். மழையில் நனைந்து அது வேலை செய்யாமல் போய் வெகு காலமாகிறது. மற்ற குமிழ்களெல்லாம் எப்படி எப்படியோ நிற்க, மைக்குக்கு உரிய குமிழ் மட்டும் கடைசிவரை திருகித் திறந்த நிலையில் நிற்கிறது. தூசு துடைக்கும்போதுகூட அதை நான் அசைப்பதில்லை. அதை அப்படித் திறந்து வைத்தவர் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன்.

மூத்தார் டி.ஜே. கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் அண்ணனும் தம்பியுமாக வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஸ்பீக்கர் கட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. பாட்டைக் கலந்து ஆளை ஆட வைப்பது மூத்தார் வேலை. நிகழ்ச்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் கல்வராயன் மலைக்கு ஏறிவிடுவோம். அங்கே எங்களுக்குச் சாமை விதைக்கும் நிலம் உண்டு. நிலத்தின் மேட்டில் ஒரு பாறை. அந்த மலையில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடங்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பாறை அதில் ஒன்று. அங்கே மேசை போட்டு, தானே சொந்தமாகச் செய்த இசைத் துண்டுகளை மூத்தார் கலந்து வாசித்து, கைப்பேசி வழியாக நேரலையாக ஒளிபரப்புவார். சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமை இல்லை என்று நேரலையை நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் எல்லாமே அவருடைய சொந்தச் சரக்குதான். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கேரளத்துத் தோட்டங்களிலும் வேலை செய்யும் எங்கள் மலை ஜனங்கள் அதைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். பின்னால் தெரிகிற மலைக்காகப் பாதிப் பேர், பாட்டுக்காக மீதிப் பேர்.

ஆரம்பத்தில் கைப்பேசியின் மைக்கையே நம்பியிருந்தோம். மலைக்காற்று அதில் மோதும்போது பாட்டு கஞ்சி கொதிக்கிற மாதிரிக் கேட்டது. பிறகுதான் மூத்தார் இந்த மிக்ஸரை வாங்கி வந்தார். பாட்டுகளைக் கலக்கும் டி.ஜே. பலகையிலிருந்து வெள்ளை வயர் இடது பக்கச் சத்தத்தையும் சிவப்பு வயர் வலது பக்கச் சத்தத்தையும் மிக்ஸருக்குக் கொண்டுவரும். அங்கிருந்து ஒற்றை வயர் கைப்பேசிக்குப் போகும். காற்று நுழைய வழியே இல்லை. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. காற்றோடு சேர்த்துக் குருவிச் சத்தம், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் கூச்சல், கைத்தட்டல் எல்லாமே நின்றுபோயின. அதற்காகத் தனியாக ஒரு மைக்கைச் செருகி, அதன் குமிழை லேசாகத் திறக்க வேண்டும். எந்த அளவுக்குத் திறந்தால் சரி என்பதற்கு நான் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். மிக்ஸரையும் கைப்பேசியையும் கவனிப்பது அப்படித்தான் என் பொறுப்பானது.

எங்கள் ஜனத்தில் தம்பி மனைவி மூத்தாரோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். அவர் வந்தால் எழுந்து நிற்பாள், சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள், விலகிப் போவாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இன்னொருவர் வழியாகச் சொல்வாள். கல்லூரிக்குப் போய்வந்த எனக்கு இது பழைய பஞ்சாங்கமாகத்தான் தோன்றியது. அதனால் மிக்ஸர் வந்த புதிதில் ஒருநாள், அவருக்கு வலது பக்கம் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, பேட்டரி தீரப் போவுதுங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் முகத்தில் அசைவில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. முறை தவறிப் பேசிவிட்டேன், மனுஷர் அதை நாசூக்காகக் காட்டிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். என்னுடைய கைப்பேசியில் அதே நேரலையைத் திறந்து, பார்வையாளர்கள் கருத்து எழுதும் இடத்தில் நானும் எழுதுவேன். 'வால்யூம் கம்மி பண்ணுங்க.' 'சார்ஜ் இல்லை.' 'வெயில் கேமராவில் அடிக்கிறது.' அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் நடுவில் என் எழுத்து எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் விழும். அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அடிக்கடி அதிகாரம் செய்கிற இந்த ரசிகை யார் என்று திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டே விட்டார். மூத்தார் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக நான் திருக்கோவிலூர் போய்விட்டேன். மூத்தாரே வயர்களைச் செருகி நேரலையைத் தொடங்கினார். திரும்பி வரும் பேருந்தில், தியாகதுருகம் தாண்டுவதற்குள், இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். வலது காதில் ஒன்றுமே வரவில்லை. இயர்போன் கெட்டுவிட்டதோ என்று இடம் மாற்றி மாட்டினேன். இப்போது வலதில் கேட்டது, இடதில் இல்லை. கைப்பேசியில் இருந்த வேறொரு பாட்டைப் போட்டேன், இரண்டிலும் கேட்டது. அப்படியானால் கோளாறு மேலே, பாறையில்தான். 'வலது பக்கம் வரவில்லை, சிவப்பு வயரைப் பாருங்கள்' என்று எழுதினேன்.

அவர் அதைப் படிப்பதை என் கைப்பேசியில் பார்த்தேன். மிக்ஸரோடு இணைத்திருந்த ஹெட்போனைத் தலையிலிருந்து கழற்றினார். இடம் மாற்றி, வலது பக்கத்து மூடியை இடது காதில் வைத்துக் கேட்டார். பிறகு குனிந்து சிவப்பு வயரை அழுத்தினார். என் காதில் பாட்டு முழுசாக வந்தது. அவர் ஹெட்போனைப் பழையபடி திருப்பி மாட்டிக்கொண்டார். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், தினமும் செய்கிற காரியம்போல அதைச் செய்தார்.

பேருந்து கள்ளக்குறிச்சி வந்து சேரும்வரை அந்தக் கை அசைவே என் கண்ணில் நின்றது. நான் இடம் மாற்றியது இயர்போனைச் சந்தேகப்பட்டு. அவர் எதைச் சந்தேகப்பட்டு மாற்றினார்? இரண்டு காதும் கேட்கிறவருக்கு ஒரு பக்கம் ஓய்ந்திருப்பது பாட்டு தொடங்கிய உடனேயே தெரிந்திருக்குமே. எத்தனையோ விஷயங்கள் அப்போதுதான் ஒன்றுசேர்ந்தன. சாப்பிட உட்கார்ந்தால் வலது தோள் சுவர்ப் பக்கம் இருக்கும்படிதான் உட்காருவார். பேசுகிறவர்களை இடது பக்கம் வரும்படி நகர்ந்து நிற்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், "கூப்ட்டா ஏன்னு கேக்காது, அவ்ளோ திமிரு" என்று அங்கலாய்க்காத நாளில்லை. நான் பேட்டரி பற்றிச் சொன்னதும் வலது பக்கத்திலிருந்துதான். முறை பார்த்து அவர் பேசாமல் இருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முறை பார்த்து நான் பேசுவதே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மரியாதைக்குப் பின்னால் ஒரு மனிதரின் காது யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு என் நாற்காலியை அவருக்கு இடது பக்கம் போட்டேன். என் வீட்டுக்காரர் வண்டிக்குப் போயிருந்தார். நேரலை ஓடிக்கொண்டிருந்ததால், முதலில் மைக் குமிழைத் திருகி முழுக்க மூடினேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "மாமா, உங்களுக்கு வலது காது கேக்கலங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போலாங்க."

அவர் கை பலகைமேல் அப்படியே நின்றது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிவப்பு வயரைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"ரொம்ப நாளா கம்மியாயிக்கினே வந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல. இதுவும் போயிடுமோன்னு பயமா கீது." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "வூட்ல சொல்லாதம்மா. காது போன டி.ஜே.ன்னு தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? கல்யாண மாசம் போவட்டும், நானே டாக்டர பாக்கறேன்."

சரி என்று தலையாட்டினேன். மைக்கை மூடிய புத்திசாலிக்கு எதிரில் கேமரா இருப்பது மறந்துபோனது. தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசுவதையும், அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதையும் வெள்ளிமலையிலிருந்து திருப்பூர்வரை எங்கள் உறவுக்கூட்டம் முழுவதும் பார்த்திருந்தது. பேச்சு மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாங்கள் மலையிறங்குவதற்குள் மாமியாரின் தங்கை போனில் விசாரித்துவிட்டார்.

"ஊரே பாத்துக்கினு இருக்குது. மூத்தார்கிட்ட உனக்கு இன்னா பேச்சு?" என்று மாமியார் கேட்டார்.

"மிக்ஸர்ல ஒரு கோளாறு, அத்த."

"மிக்ஸர் கோளாறுக்கா எம்புள்ள தல கவுந்து குந்திக்கினு இருந்தான்?"

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும், "எங்கிட்டயாவது சொல்லலாம்ல" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இனிமேல் மலைக்குப் போக வேண்டாம் என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். அந்த வார்த்தையைச் சொன்னால் மூத்தாரின் பிழைப்பு போய்விடும். கோபம்கூட வந்தது, இவர் காதுக்காக என் பேர் கெட வேண்டுமா என்று பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே போட்டேன். ஆனாலும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் மூத்தார் வீட்டில் நடக்கிறதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இவரும் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு மனசு விட்டுப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் மட்டும் மலைக்குப் போனார்கள். நான் வீட்டிலேயே நேரலையைத் திறந்தேன். மாமியாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, பார்க்காததுபோல் பார்த்தார். பாட்டு தொடங்கவில்லை. மூத்தார் கேமராவைப் பார்த்தார், குனிந்து மிக்ஸரில் கைவைத்தார். மைக் குமிழ் என் புள்ளியைத் தாண்டி, கடைசிவரை திரும்பியது. மலைக்காற்று குபீரென்று எங்கள் கூடத்துக்குள் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கங்க. போன வாரம் இங்க ஒரு பேச்சு நடந்துச்சு. இன்னா பேச்சு, இன்னா பேச்சுன்னு நெறய பேர் கேட்டுக்கினு கீறீங்க. எனக்கு வலது காது கேக்காதுங்க. பொண்டாட்டிக்குத் தெரியாது, பெத்தவளுக்குத் தெரியாது. எங்க வூட்டுச் சின்ன மருமவதான் கண்டுபுடிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லுச்சு. சொல்லாதன்னு நான்தான் அது வாய கட்டிப்புட்டேன். அவ்ளோதாங்க பேச்சு. ஒத்தக் காதுதான் இருக்குது. புடிச்சா கேளுங்க."

பிறகு பாட்டைப் போட்டார். மைக்கை மூடவில்லை, பாட்டோடு காற்றும் கேட்டது, சற்று நேரத்தில் மழையும் கேட்டது. மாமியார் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, மகனின் முகத்தின்மேல் விரலை வைத்தபடி, "எந்தக் காதுன்னான்? வலதா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "திமிருன்னு எத்தினி வாட்டி திட்டினேன்" என்றார். அப்புறம் என் பக்கம் நகர்ந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்த மனுஷர் எதை விட்டுக்கொடுத்து இதைச் சொன்னார் என்று நினைத்தால் தாங்கவும் முடியவில்லை.

மழை வலுத்ததும் என் வீட்டுக்காரர் பலகையைத் தார்ப்பாயால் மூடினாராம். மிக்ஸரை யாரும் கவனிக்கவில்லை. அது தண்ணீர் சொட்டச் சொட்ட வீடு வந்தது. நாங்கள் பயந்ததில் கொஞ்சம் நடந்தது. முன்பணம் கொடுத்திருந்த ஒரு கல்யாண வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வேறு சிலர் எப்போதும்போல் கூப்பிட்டார்கள். வலது காது இனிக் கேட்காது, இடதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதால், பெரிய ஸ்பீக்கர்களின் முன்னால் நிற்பதை மூத்தாரே விட்டுவிட்டார். கல்யாணங்களுக்கு இப்போது என் வீட்டுக்காரர் போகிறார். மூத்தாருக்கு மலையும் நேரலையும் புது மிக்ஸரும். ஹெட்போனில் சத்தம் எவ்வளவு வரலாம் என்பதற்கும் நான் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். நான் ஜாஸ்தி பேசுகிறேன் என்பதுதான் இப்போது அவருடைய குறை.

போன வாரம் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்த மூத்தார் பழைய மிக்ஸரைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் மைக் குமிழ்மேல் போய் நின்றது.

"இன்னாம்மா, இன்னும் தொறந்தே வெச்சிக்கினு கீற?" என்றார்.

"தொறந்தது நீங்கதான மாமா. வேணும்னா நீங்களே மூடுங்க" என்றேன், அவருடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டு.

அவர் கட்டைவிரலை எடுத்தார். மிக்ஸரை இருந்தபடியே துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அலமாரியைச் சாத்தினார்.