முருகன் வேஷத்தில் ஆயிரமுகி

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் இன்றைக்கு நாற்பது விசைத்தறி ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிற பட்டதாரிப் பிள்ளைகள் கடைசியில் என்னிடம் வந்துதான், “நிறம் சரிங்களாம்மா?” என்று கேட்டாக வேண்டும். நூலைத் தொட வேண்டாம், தூரத்தில் காட்டினால் போதும். எந்தச் சாயத் தொட்டியில் முக்கியெடுத்தது என்று சொல்லிவிடுவேன். நிறத்தில் என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் யாரிடம் கற்றது என்று கேட்டால், ஆயிரமுகியிடம் என்பேன். சேலத்தில் நாங்கள் கைத்தறி நெய்த காலத்தில் வந்த படக்கதைப் புத்தகத்து வீராங்கனை அவள். வலது கண்ணை மூடிக் காலால் மூன்று தட்டுத் தட்டினால் நினைத்த உருவத்துக்கு மாறிவிடுவாள். கிளியாவாள், போலீஸ்காரராவாள், ஒருதரம் தபால்பெட்டியாகவே நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. எந்த உருவம் எடுத்தாலும் உள்ளங்கையில் உள்ள மச்சம் மட்டும் மாறாது. எதிரிகள் அதைப் பார்த்துத்தான் அவளைக் கண்டுபிடிப்பார்கள். தபால்பெட்டிக்கு ஏது உள்ளங்கை என்று என்னைக் கேட்கக் கூடாது, படம் போட்டவரைக் கேட்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆடிப் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டில் பச்சைப் புடவைக்கு நூல் தயாராகிக்கொண்டிருந்தது. தெருவில் மற்றவர்களெல்லாம் பண்டிகைக்காகச் சாயத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் ஒரு கல்யாணத்துக்கு அவசரப் புடவை. காலையில் அவரோடு நின்று நூலைப் பச்சைச் சாயத்தில் முக்கிப் பிழிவேன். மதியம் ராட்டையில் தார் சுற்றுவேன், அதாவது நாடாவுக்குள் போகிற குச்சியில் நூலேற்றுவேன். ஒரு மதியம் மடியில் ஆயிரமுகியை விரித்து வைத்துக்கொண்டு சுற்றினேன். மின்மினியாக மாறியிருந்த அவளை வில்லன் ஒரு கண்ணாடிச் சீசாவுக்குள் போட்டு மூடியைத் திருகிவிட்டான். நான் பதறிப் பக்கத்தைத் திருப்புவதற்குள் நூல் தாறுமாறாகச் சிக்கி, ஒரு கண்டு நூல் பாழாகிவிட்டது. அப்பா திட்டவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிப் பரணில் வீசிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

அவள் சீசாவுக்குள். நான் வெளியே. மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. மூடியைத் திறந்தாளா, மூச்சு முட்டிச் செத்தாளா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்தில் ஆடிப் பண்டிகை என்றால் வண்டி வேடிக்கை. மாட்டு வண்டிகளை ஜோடித்து, அதன்மேல் சாமி வேஷம் கட்டிய ஆட்கள் சிலைபோல் அசையாமல் நின்று ஊர்வலம் வருவார்கள். நல்ல வண்டிக்குப் பரிசும் உண்டு. அந்த வருஷம் அம்மாவின் தம்பி, என் மாமன், சூரன் வேஷம் கட்டினார். கீழே கிடக்கும் அவர் மார்பில் வேலாயுதத்தை வைத்து நிற்க ஒரு குட்டி முருகனும் ஏற்பாடாகியிருந்தான். ஊர்வலத்தன்று மதியம் அந்தப் பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் பன்னு மாதிரி ஆகிவிட்டது.

“போச்சு! முருகன் இல்லாம நான் ஆருகிட்டக் குத்து வாங்கறது?” என்று மாமன் தலையில் கைவைத்தார்.

“நான் குத்தறனுங்க மாமா.”

“ஏ புள்ள, பொட்டப் புள்ளைய வண்டியேத்துனா உங்கப்பா என்னைய உரிச்சுப் போட்ருவாரு.”

“அம்மன் வேசம் கட்டறவங்க அத்தன பேரும் ஆம்பளைங்கதானுங்க? அப்ப நான் முருகனானா என்னங்க?”

மாமன் மீசையைத் தடவி யோசித்தார். ஒட்டு மீசை கையோடு வந்துவிட்டது. அதை மறுபடி ஒட்டிக்கொண்டே சொன்னார்: “செரி வா. ஆனா செலையாட்டம் நிக்கோணும். வாயத் தொறந்தயின்னா பரிசு போயிரும்.”

முகத்துக்கு ரோஸ் பவுடர் அப்பினார். கைக்குப் பூசிக்கொண்டு வரும்போது மணிக்கட்டோடு டப்பா காலி. அட்டைக் கிரீடம், வேல், பட்டு வேட்டி. கண்ணாடியில் பார்த்தேன். என்னை எனக்கே தெரியவில்லை. உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தேன். மச்சம் கிடையாது. இனி என்னை எவனும் கண்டுபிடிக்க முடியாது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வண்டி கடைவீதிக்குள் நுழைந்தது. ஜனங்களைப் பார்த்ததும் எனக்குள் ஆயிரமுகி புகுந்துகொண்டாள். வலது கண்ணை மூடினேன். காலால் மூன்று தட்டுத் தட்டினேன்.

“அக்கா, அங்க பாருங்க! முருகனுக்கு அருள் வந்துருச்சு!” என்று ஒரு பெண் கத்தினாள். அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்கள். நானும் வண்டியில் தட்டோடு வைத்திருந்த திருநீற்றை அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

“புள்ள, ஆடாத. மீசை பிச்சுக்குது,” என்று காலடியில் கிடந்த சூரன் முனகினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அப்பா! அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். திருநீறு போட்டேன். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முருகா, ஊட்டுல ஒரு புள்ள இருக்குதுங்க. பொஸ்தகத்தப் புடுங்கிட்டேன்னு மூணு நாளா எங்கூடப் பேசமாட்டீங்குது. நான் என்னங்க பண்ணட்டும்?”

சிலை பேசக் கூடாதுதான். ஆனால் சீசாவுக்குள் ஒருத்தி தவிக்கிறாளே! குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “பொஸ்தகத்தத் திருப்பிக் குடு!” என்றேன்.

சூரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“குடுத்தர்றனுங்க. தறி வேலை கெட்டுப் போச்சுன்னா?”

“தார் சுத்தி முடிச்சுட்டுத்தான் படிக்கும்!”

“வாக்குங்களா?”

“வாக்கு!”

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்தவாறே போனார். அவர் தோள் குலுங்கியது. பக்தியில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அருள் வந்த முருகனிடம் சட்டம் பேச நடுவர்களுக்குத் துணிச்சல் இல்லை. முதல் பரிசு எங்கள் வண்டிக்கே கிடைத்தது. சூரன் பரிசுப் பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் ஆடினார்.

மறுநாள் காலையில் தலையணைக்குக் கீழே புத்தகம் இருந்தது. ஆயிரமுகி எப்படித் தப்பினாள் தெரியுமா? சீசாவின் மூடியாகவே மாறிவிட்டாள்! சீசா காலியாகத் தெரிந்ததும் வில்லன் தன் கையாலேயே அவளைத் திருகி எடுத்து வெளியே வைத்தான். நான் குதித்த குதியில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அன்றிலிருந்து தார் சுற்றி முடிக்காமல் நான் ஒரு பக்கமும் புரட்டியதில்லை. சாமி கொடுத்த வாக்கு, மீற முடியுமா? இன்றைக்கும் தறி ஓய்ந்த பிறகுதான் பேப்பரைத் தொடுவேன்.

அப்பாவையே ஏமாற்றிய கெட்டிக்காரி என்று வெகுகாலம் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அன்று வண்டியின்மேல் நான் மச்சத்தை மட்டும்தான் தேடினேன். அப்பா நீட்டிய உள்ளங்கை பச்சை. அதில் திருநீறு போட்ட என் ஐந்து விரலும் அதே பச்சை. எங்கள் தெருவிலேயே அந்த வாரம் ஈரமாக இருந்த ஒரே தொட்டியின் பச்சை.