ரெண்டு வருஷத்துக்குப் போதும்

ஃபிஜி பார்லிமென்டில் இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மந்திரிகளையும் துப்பாக்கி முனையில் அடைத்துவைத்த கலகம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மகள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருந்தாள். வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்று நானும் கணவரும் அவளை அழைத்துக்கொண்டு லவுத்தோக்கா கடைவீதிக்குப் போனோம். அவருக்குச் சர்க்கரை மில்லில் எலக்ட்ரிக் வேலை. நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் குஜராத்தி. இரண்டு கம்ப்யூட்டர்களைக் காட்டினார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றில் அறுபத்து நான்கு எம்பி மெமரி, மற்றதில் நூற்று இருபத்தெட்டு. முதலில் நான் சந்தேகப்பட்டது அவரைத்தான். அலமாரிகளில் பாதி காலியாக இருந்தது. புதுச் சரக்கு வரவழைக்காத கடையென்றால் முதலாளி நாட்டைவிட்டுக் கிளம்பப்போகிறார் என்று அந்த வருடம் எல்லோருக்கும் தெரியும். விமானம் ஏறப்போகிறவர் இருப்பதிலேயே பெரியதை நம் தலையில் கட்டத்தானே பார்ப்பார்?

ஆனால் அவர் எதையும் தள்ளிவிடப் பார்க்கவில்லை. ஃபிஜி இந்தியில் ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? இரண்டு வருடம் என்றால் சின்னதே போதும். ஐந்தாறு வருடம் ஓட வேண்டுமென்றால் பெரியதை எடுங்கள், புதிய ப்ரோகிராம்கள் வர வர சின்னது திணறும்.

என் கணவர் யோசிக்கவேயில்லை. "தோ சால்," என்றார். இரண்டு வருடம்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு வந்த மின்விசிறியை இன்னமும் கழற்றிக் கழற்றி மாட்டுகிற மனிதர். ரேடியோவின் உடைந்த குமிழுக்குப் பதிலாகப் பாட்டில் மூடியை ஒட்டி வைத்திருப்பவர். அவர் வாயில் இரண்டு வருடமா?

நாங்கள் வீட்டில் பேசுவதும் இந்திதான். மகளுக்குத் தெரியக் கூடாத விஷயமென்றால் மட்டும் தமிழுக்குத் தாவுவோம். கடையிலும் அப்படியே தாவினேன்.

"ரெண்டு வருஷம்னு ஏன் சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

"எங்க போறீங்க?"

"வூட்ல பேசிக்கலாம், வா."

எதையும் வாங்காமல் பஸ் ஏறினோம். சவேனிப் பக்கம்தான் எங்கள் வீடு. மகள் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புயல் காலத்துக்கு முன் கூரைக்குப் பெயிண்ட் அடிப்பவர் இந்த வருடம் பேச்சே எடுக்கவில்லை. கொல்லையில் மரவள்ளி பிடுங்கிய இடம் அப்படியே கிடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் காரணமில்லாமல் சவரம் செய்து, கழுத்துப் பொத்தான் போட்டு வெளியே போனார். விசாவுக்குப் போட்டோ எடுக்கத்தான் போயிருக்க வேண்டும். அந்த நாளில் கிளம்புகிறவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்ணு பட்டு விசா நின்றுவிடும் என்ற பயம். மில்லில் அவரோடு வேலை செய்த ஒருவர் தான் மட்டும் முதலில் போய், பெண்டாட்டி பிள்ளைகளை அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள்.

கரும்பு ரயிலுக்காக பஸ் நின்றது. வண்டி வண்டியாகக் கரும்பு போய்க்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பேப்பர் போட்டாச்சா?"

ரயிலைப் பார்த்தபடியே சொன்னார். "நாந்தியில ஒரு ஏஜென்ட பாத்தேன். நியூசிலாந்துக்கு."

"உங்க ஒருத்தருக்கா?"

"மூணு பேருக்கும்தான். நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் சொல்லல. உங்கப்பா அம்மா இங்க இருக்காங்க."

"கேட்டாத்தானே தெரியும்."

"அதான் பயமா இருந்துச்சு."

முன் சீட்டிலிருந்து மகள் திரும்பினாள். "ஹம் லோக் கப் ஜாயேகா?" என்று கேட்டாள். நாம் எப்போது போகப்போகிறோம்? எங்கள் தமிழ் அவளுக்கு எத்தனை வருடமாகப் புரிந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை.

மூன்று பேர் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அடுத்த வாரம் வேலைக்கு லீவு போட்டு, நாந்திக்குத் தனியாகப் போய் அந்த ஏஜென்டைக் கேட்டேன். மூன்று பேர்தான் என்றார் அவர். என் கணக்கு வேலைக்கு அங்கே இடம் கிடைக்குமா என்றுகூட விசாரித்தாராம் என் கணவர். திரும்பி வரும்போது கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கோபம் இருந்தது. என்னைக் கேட்பதற்கு முன் யாரோ ஒரு அன்னியரிடம் என் வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

போவோமோ இருப்போமோ, பெண்ணின் படிப்பு நிற்காது என்று நான் சொன்னதால் நூற்று இருபத்தெட்டையே வாங்கினோம். கடைக்காரர் பெட்டியைக் கட்டும்போது, அவரும் போகிறாரா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

சில மாதத்தில், ஏஜென்ட் போட்டிருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. அவருடைய மில் அனுபவத்துக்கான சான்று போதவில்லையாம். மறுபடி போடலாம் என்றார் ஏஜென்ட். இந்த முறை கணவர் அவரிடம் போகவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் தானே இரண்டு விரலால் தட்டினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியையும் நான் படித்த பிறகுதான் அடுத்ததுக்குப் போக விட்டேன்.