கேட்காமலே நீட்டிய அடையாள அட்டை

இன்று கண்டி பஸ் நிலையத்தில் ஓர் இராணுவச் சிப்பாய் மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்று, சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனால் சீருடையைக் கண்டதும் காது அடைத்துக்கொண்டது. சட்டைப்பையைத் துழாவி, பழைய சோதனைச்சாவடிப் பழக்கத்தில் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

"ஐயோ சீயா," என்று தாத்தா முறை சொல்லி அழைத்தார். "இது வேண்டாம். தெல்தெனிய பஸ் எது? அம்மாவுக்குக் கடைசி நேரமாம்."

கை காட்டினேன். அதற்குள் அந்த பஸ் வெளியே திரும்பிவிட்டது. பின்னாலேயே ஓடினார். ஏறினாரா, தெரியவில்லை.

பக்கத்தில் லொத்தர்ச் சீட்டு விற்பவர் சிரித்தார். "ஐயா, அவர் பஸ்ஸைத்தானே கேட்டாரு, உங்க பேரையா கேட்டாரு?"

யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இப்படி முந்திக்கொண்டு நீட்டுவது நான் மட்டும்தானா? வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.