ஐயா மறித்த ஓட்டம்

பேத்தி போட்டிக்குப் போகுமுன் காலில் தைலம் தேய்த்தாள். அந்த நெடியில் எனக்குப் பலாலி வீதி வெயில் நினைவுக்கு வந்தது.

அப்போது நான் சின்னப்பிள்ளை. நெடுந்தூர ஓட்டத்தில் என் அண்ணைதான் முன்னுக்கு வந்தார். ஆனால் கால்கள் பின்னின, கண்கள் செருகின. வீதியோரம் நின்ற எங்கள் தகப்பன், ஐயா, பாய்ந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

“விடுங்கோ ஐயா! முடியிற இடம் தெரியுது!”

“செத்துப்போவாய், மோனை!”

வெளி ஆள் தொட்டதால், போட்டி விதிப்படி வெற்றி கைவிட்டுப் போனது. அண்ணை பிறகு ஐயாவோடு கதைக்கவேயில்லை. ஓடுவதையும் விட்டு, பள்ளிக்கூடப் பொடியன்களை ஓட்டத்துக்குப் பழக்கினார்.

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் அண்ணை வேர்க்க வேர்க்க வீட்டுக்கு வந்தார். போட்டியில் முன்னுக்கு ஓடிய அவருடைய மாணவன் தள்ளாடியிருக்கிறான். அண்ணையே வீதியில் இறங்கி அவனை மறித்துவிட்டார்.

“பொடியன் தப்பிட்டான், ஐயா,” என்றார்.

ஐயா எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“இரு, மோனை. முதல்ல தண்ணி குடி.”