மஞ்சள் முக்கோணம்

முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம். கல்லூரி ஓவிய வகுப்பில் படித்தது. நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஓர் ஓவியப் பள்ளியில் வெற்று வடிவங்களைக் கொடுத்து, எதற்கு எந்த நிறம் பொருந்தும் என்று மாணவர்களைக் கேட்டார்களாம். கேட்டார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். விடை மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. பரீட்சைக்குப் படித்தே வளர்ந்த புத்தி வேறு எப்படி இருக்கும்?

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. போன வருடம் அதிகாரி ஒருவர் வருகிறார் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று வடிவங்களைக் கொடுத்தேன். கரும்பலகையில் விடையையும் எழுதிப்போட்டேன். ஒரே ஒருத்தி மட்டும் முக்கோணத்துக்குச் சிவப்பு பூசியிருந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போர்டைப் பார்த்துப் பூசக்கூடத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் ஏசி, வேறு தாள் கொடுத்து மஞ்சள் பூச வைத்தேன். பிள்ளை அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பூசினாள். சுவரில் பதினோரு படங்களும் ஒரே மாதிரி. அதிகாரி பாராட்டினார், நானும் பூரித்துப்போனேன்.

மறுவாரம் அவளுடைய அம்மா வந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"மருந்தடிச்ச மலையில செவப்புத் துணிய முக்கோணமா வெட்டிக் கட்டிடுவோம் டீச்சர். அதப் பாத்தா உள்ள போகாதேன்னு சின்னதுலேருந்து நான்தான் இவளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா?"

ஐயோ! என் அம்மாவும் அதே மருந்தை முதுகில் சுமந்தவர்தான். அந்தத் துணி கட்டிய மலைகளைச் சுற்றிக்கொண்டுதான் நானும் பள்ளிக்கூடம் போனேன். ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கிற பாடத்தைத் தப்பு என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை அக்கா, தப்பு என்னுடையது என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. டீச்சர் எங்காவது தப்பு செய்வாரா என்பதுபோல் சிரித்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். புதுத் தாள் கொடுத்து, உனக்கு எது தோன்றுகிறதோ அதைப் பூசு என்றேன். அவள் சிவப்பையும் எடுக்கவில்லை, மஞ்சளையும் எடுக்கவில்லை. தூரிகையை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க டீச்சர்."