ஆறு நிமிடம் பிந்திய கிரகணம்

புராஜெக்ட் அறிக்கை கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. புதிதாக வந்த தரவை வரைந்து பார்த்தபோது, கிரகணம் எங்கள் கணிப்பைவிட ஆறு நிமிடம் பிந்தியிருந்தது.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். ஓய்வுக்கு ஓராண்டு பாக்கி. எம்.எஸ்ஸி. மாணவர்கள் இருவர் என்னிடம் புராஜெக்ட் செய்தார்கள். சதீஷ் ஹாஸ்டலில் இருந்தான். ஜெனிபர் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

எங்களிடம் தொலைநோக்கி கிடையாது. செயற்கைக்கோள் பதிவு செய்த எக்ஸ்ரே தரவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றையொன்று சுற்றும் ஓர் இரட்டை நட்சத்திரம்; அதில் சிறியது எக்ஸ்ரே வீசும். பெரியது அதை மறைக்கும்போது, அதுதான் கிரகணம், பதிவாகும் எக்ஸ்ரே எண்ணிக்கை சட்டென விழும். பழைய கிரகணங்களை வைத்து அடுத்தது எப்போது என்று சொல்வதுதான் வேலை.

பழைய பதிவுகளிலும் சில முன்பின்னாகத்தான் இருந்தன.

"மோசமான நாலு பாயிண்டை எடுத்துடுங்க. டிடெக்டர் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக்கலாம்" என்றேன்.

சதீஷ் தலையாட்டினான். ஜெனிபர் ஆட்டவில்லை.

"கோளாறுன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

"நேரம் இல்லம்மா."

இரண்டு நாள் கழித்து, காலையில் வகுப்புக்கு முன்பே இருவரும் என் அறைக்கு வந்தார்கள். பிழைகளையெல்லாம் மாத வாரியாகக் குறித்து ஒரு தாள் கொண்டுவந்திருந்தார்கள். புள்ளிகள் அழகாக ஏறி இறங்கின, வருடத்துக்கு ஒரு அலை.

"ஜூன்ல சீக்கிரம் வருது, டிசம்பர்ல லேட்டா வருது சார்" என்றாள் ஜெனிபர். "நட்சத்திரத்துக்கு நம்ம வருஷம் எப்படித் தெரியும்? பூமிதான் நவுருது."

எனக்கு முகம் சுட்டது. பூமி சூரியனைச் சுற்றுவதால் சில மாதம் அந்த நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கிறோம், சில மாதம் தள்ளி. ஒளி வந்து சேர எட்டு நிமிடம் வரை முன்பின் ஆகும். அதற்கான திருத்தம் போட வேண்டாமா என்று தொடக்கத்திலேயே சதீஷ் கேட்டிருந்தான். "சின்ன விஷயம், விடுப்பா" என்று சொன்னது நான்தான்.

திருத்தம் போட்டோம். அலை படுத்துவிட்டது. நான் தூக்கச் சொன்ன நாலு புள்ளிகளும் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. அடுத்துப் பதிவான கிரகணத்துக்கும் கணிப்புக்கும் அரை நிமிடம்கூட வித்தியாசமில்லை. சதீஷ் மேசையைத் தட்டி, "மாட்டிக்கிச்சு சார்!" என்று கத்தினான்.

அறிக்கையின் நகலை ஜெனிபர் கொடுத்தாள். 'முதலில் நாங்கள் திருத்தத்தைக் கவனிக்கத் தவறினோம்' என்று இருந்தது. என் பெயர் இல்லை.

"ஏம்மா இப்படி எழுதின?"

"எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேப்பாரு சார். உங்களுக்கு எதுக்கு சங்கடம்?"

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'திருத்தம் தேவையில்லை என்று வழிகாட்டி சொன்னதால் அது விடப்பட்டது. பிழையைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகு பணியில் இருந்தவரை, பொருந்தாத புள்ளியைத் தூக்கு என்று எந்த மாணவரிடமும் நான் சொல்லவில்லை. அது என்ன சொல்ல வருகிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.