நாடித் துடிப்பு குறைய வேண்டிக்கொண்டேன்

கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் பிள்ளையார் கோயிலில் பத்தொன்பதாவது சுற்றில் இருந்தேன். அன்றே நான் போயிருக்க வேண்டியவன். அன்பர்களே, எனக்கு வயது எழுபத்தொன்று. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வேண்டிக்கொண்டது நல்ல வேண்டுதல் இல்லை.

பதினொரு வருடமாகத் தினமும் இருபத்தேழு சுற்று சுற்றுகிறேன். வலது பையில் இருபத்தேழு புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இடது பைக்கு மாறும். கூடச் சுற்றும் ஏழெட்டுப் பேரும் கணக்குத் தவறினால் என்னைத்தான் கேட்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதியவன் நான். அவர்கள் கேட்பதில் எனக்கு ஒரு பெருமை.

போன ஆடியில் தனசேகரன் கையில் ஸ்மார்ட் வாட்ச் ஏறியது. அடுத்த தெருக்காரன், என்னைவிட மூன்று வயது சிறியவன், அதே தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். ஐ.டி.யில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தாளாம். அன்றோடு என்னைக் கேட்பது நின்றது.

"தனசேகரு, இன்னிக்கு எத்தினி ஸ்டெப்பு?"

"ஆறாயிரத்து நானூறு மாமே. ஹார்ட்டு அறுவத்திரண்டு. சின்னப் பையன் ஹார்ட்டுன்னு எம் பொண்ணு சொல்லுது."

"வாட்சுக்கு லஞ்சம் குடுத்துகினு வந்துட்டியா நைனா?"

இன்னொருவர் இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பத்தாவது கூடத் தாண்டாதவனிடம் போய் எண் கேட்கிறார்களே என்று அன்று இட்லி இறங்கவில்லை.

அடுத்த வாரமே நானும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுபத்தாறு காட்டியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு குறைவாக இருந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். தனசேகரன்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது போதும். பிள்ளையார் முன்னால் நின்று, "அப்பனே, அவனுடைய அறுபத்திரண்டுக்குக் கீழே என்னைக் கொண்டுபோ" என்று வேண்டினேன். மகனுக்கு வேலை கேட்ட அதே வாயால் கேட்டேன். காபியையும் விட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் அறுபத்தொன்று. நோட்டில் ஒரு பக்கம் என் எண், மறுபக்கம் அவன் எண் என்று தேதி போட்டு எழுதினேன். ஐப்பசியில் ஐம்பத்து நான்கு. பிறகு நாற்பத்தாறு. எங்கள் மாடிப்படி பதினாறு. ஒன்பதாவது படியிலேயே மூச்சு வாங்கியது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டியது. டாக்டரிடம் போகலாம் என்று என் மனைவி சரோஜா மூன்று முறை சொன்னாள்.

"நம்பரைப் பாரு. நாளுக்கு நாள் நல்லாயிட்டு வர்றேன்" என்று அவள் வாயை அடைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாட்ச் முப்பத்தெட்டு காட்டியது. தனசேகரனை வழியில் நிறுத்தி மணிக்கட்டை நீட்டினேன். அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

"இன்னா அண்ணாத்தே இது? எத்தினி நாளா இப்டி கீது?"

"ஏன், பொறாமையா?" என்றேன்.

"வாய மூடிகினு ஒக்காரு. வாட்சு கெடக்கட்டும், கைய குடு."

என்னை ஈரப் படியில் உட்கார வைத்து, நாடியில் விரல் வைத்துச் சத்தமாக எண்ணினான். அவன் தப்பாக எண்ணுவான் என்று நானும் கூடவே எண்ணினேன். ஒரு நிமிடம். இரண்டு பேர் கணக்கும் முப்பத்தேழு.

"எங்கக்காக்கும் இப்டித்தான் எறங்கிகினே போச்சு. நாங்க பாக்காம வுட்டுட்டோம்" என்றான். நான் எழப் பார்த்தேன். கோயில் சுவர் சாய்ந்துகொண்டு வந்தது.

ஆட்டோவில் என் தலை அவன் மடியில் இருந்தது. தெருவெல்லாம் தண்ணீர். சரோஜாவைப் பார்க்காமலே போய்விடுவேன் என்று நினைத்தேன். "அப்பனே, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள். இவன் என்னைவிட நன்றாகவே இருக்கட்டும். என்னை வீட்டுக்கு அனுப்பு. நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டினேன். நான்கு மாதத்தில் எரிச்சல் இல்லாமல் நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

இதயத்துக்குள் துடிப்பைக் கடத்தும் பாதை அடைபட்டிருந்ததாம். இரண்டு மூன்று மாதமாகவே அடைபட்டு வந்திருக்கும், இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பேஸ்மேக்கர் வைத்தார்கள். செலவு மகனுடைய இன்சூரன்ஸில் போயிற்று. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

படுத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். பொறாமை இல்லையென்றால் நான் வாட்ச் வாங்கியிருக்க மாட்டேன். அவனிடம் பீற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் என் முப்பத்தெட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டவனையும் பிள்ளையார் கைவிடவில்லை. என் நோட்டில் இப்போது ஒரே பக்கம்தான், அதுவும் டாக்டரிடம் காட்ட. காபி மறுபடி குடிக்கிறேன். பொறாமை மொத்தமும் போய்விட்டது என்று சொன்னால் பொய். அதையும் பிள்ளையாரிடமே சொல்லிவிட்டேன். நீங்களும் உங்கள் மனதில் இருப்பதை, அசிங்கமாக இருந்தாலும், அவர் முன்னால் வையுங்கள். வாட்ச் கட்டியிருந்தால் அதில் தெரிவதை உடன் இருப்பவர்களிடமும் காட்டுங்கள்.

தை முதல் வெள்ளி, வேண்டுதலை முடிக்க மூட்டையோடு கோயிலுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு மூட்டை இருந்தது. பக்கத்தில் தனசேகரன்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான் அண்ணாத்தே. அன்னிக்கி ஆட்டோல வேண்டிகினேன். நூத்தியெட்டு."

என் உயிருக்கு நான் வேண்டிய அளவே அவனும் வேண்டியிருக்கிறான். என்னால் பொறுக்க முடியவில்லை. கடைக்குப் போய் இன்னும் ஒன்று வாங்கி வந்து, அதை அவன் பெயர் சொல்லி உடைத்தேன். ஒன்று நாற்பத்திரண்டு ரூபாய். நூற்றொன்பது தேங்காய்க்கு நாலாயிரத்து ஐந்நூற்று எழுபத்தெட்டு ரூபாய்.